பன்னிரண்டு இலக்கம்

டயர் கடைக்கு மேல்மாடி. வியாழன் இரவு.
கீழே ஆ லோக் ஷட்டரை இழுத்து மூடும் சத்தம்தான்
எங்கள் கூட்டம் தொடங்கும் மணி.
ஒன்பது பேர், ஆறு நாற்காலி,
பாக்கெட்டில் கட்டிய தே ஓ, நடுவே சுற்றிவரும்.

பிழையைக் கொண்டு வா, திருத்தித் தருவோம்:
கதவில் ஒட்டிய எங்கள் ஒரே சட்டம்.
ஓடாத வரி, பாதியில் நின்ற நிரல்,
சம்பள நாளன்று விழுந்த சர்வர்.
விடை உள்ள கேள்விகள்.
விடை வந்ததும் பைக்கை எடுப்போம்.

தவமலர் அன்று பிழை கொண்டு வரவில்லை.
கட்டம் கட்டமாய் வரைந்த
பெரிய காகிதம் ஒன்றை விரித்தாள்.
"தோட்டத்து வீட்டுத் திட்டத்துக்கு உறுப்பினர் பதிவு.
இன்னும் ஒரு வரி எழுதவில்லை.
எந்த அட்டவணை எதோடு சேரும்?
பார்த்துச் சொல்லுங்கள்."

இது இங்கே வேண்டாம் என்றான் புவனேந்திரன்.
நியாயமும் இருந்தது, அதை மறைக்கமாட்டேன்.
"ஒடிந்ததை ஒட்டலாம்.
பிறக்காததற்கு என்ன வைத்தியம்?
அட்டவணை வரைவது அவரவர் ருசி,
ஆளுக்கொரு வாய், விடிய விடியப் பேச்சு,
விடிந்தபின் யார் சொன்னது சரி?
அதற்கென்றே கோலாலம்பூரில் கூடுகிறார்கள். அங்கே போகட்டும்."

"கடைசி பஸ் போய்விட்டது" என்றாள் தவமலர்.

கை தூக்கச் சொன்னோம். நான்குக்கு நான்கு.
ஒன்பதாவது கை என்னுடையது.
சட்டைப் பைக்குள் இருந்தது.

முடிவுக்குக் காத்திராமல் ஹஃபிஸ் காகிதத்தின்மேல் குனிந்தான்.
முதல் பெயர் ஒரு கட்டம், குடும்பப் பெயர் ஒரு கட்டம்.
"எனக்கேது குடும்பப் பெயர்? பின் ரம்லி என்றால் என் அப்பா."
"எனக்கும் அப்பாதான்" என்றாள் லோகநாயகி.
"போன மாதம் விமானத்தில் என்னை
மிஸ் ஆறுமுகம் என்று மூன்று முறை கூப்பிட்டார்கள்.
அப்பாவைத் தேடுகிறார்கள் என்று உட்கார்ந்திருந்தேன்."
அடுத்து ஊர் என்ற கட்டம்.
பெஸ்தாரி ஜெயா என்கிறது பலகை.
பத்தாங் பெர்ஜுந்தை என்கிறது வாய்.
ஊர் ஒன்று, பெயர் இரண்டு. பதிவில் அது எத்தனை?
புவனேந்திரன் கடிகாரத்தைக் காட்டினான்.
பார்த்தீர்களா.

அப்போதுதான் முதன்மைச் சாவியைப் பார்த்தேன்.
சிவப்பு மையில் அடிக்கோடு:
ஐசி எண், பன்னிரண்டு இலக்கம்,
ஒருவருக்கு ஒன்றே, காலியாக விட முடியாது.
சுத்தமான வரைவு. கல்லூரியில் முழு மதிப்பெண் விழும்.

மூன்றாம் டிவிஷனில் செம்பனைக் குலை வெட்டுகிறான் சின்னப்பராஜ்.
வயது முப்பத்தொன்று என்பான்.
அதைச் சொல்ல அவனிடம் தாள் இல்லை.
பிறந்த வாரம் வெள்ளம், பதியப் போகவில்லை.
பிறகு போனபோது, ஏன் அப்போதே வரவில்லை என்றார்கள்.
இன்றும் அதையேதான் கேட்கிறார்கள்.
திட்டத்தில் அவன் வீடு இருபத்தேழு.
கூரை இருக்கிறது. மின் கட்டணம் தவறியதில்லை.
வாசலில் ஒரு நாய்,
அதற்கு மனைவி பெயரில் லைசென்ஸ் எண் இருக்கிறது.

இந்த அட்டவணை ஓடும். ஒரு பிழையும் காட்டாது.
சின்னப்பராஜ் உள்ளே வரமாட்டான், அவ்வளவுதான்.
வராதவனுக்காக எந்தத் திரையும் சிவப்பதில்லை.
ஆறு மாதம் கழித்து அவனைப் பிழையென்று
யார் இந்தப் படியேற்றித் தூக்கி வருவார்கள்?

இதை இவ்வளவு ஒழுங்காக நான் சொல்லவில்லை.
"இருபத்தேழாம் வீடு" என்று மட்டும் சொன்னேன்,
கை வெளியே வந்திருந்தது.

புவனேந்திரன் கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்தான்.
பேனாவை வாங்கினான். அடிக்கோட்டை அடித்தான்.
உறுப்பினர் எண் நாமே கொடுப்பது,
ஒன்றிலிருந்து தொடங்கலாம்.
ஐசி கீழே ஒரு சாதாரணக் கட்டம்,
காலியாகவும் இருக்கலாம்.
பிறகு பழைய குரலில்:
"பத்தரைக்கு மேல் எவனாவது அட்டவணை பேசினால்
விளக்கை அணைத்துவிடுவேன்."

பதினொன்றே காலுக்கும் விளக்கு எரிந்தது.
பழம் ஏற்றிய லாரி ஒன்று ஜன்னலை அதிரவைத்துப் போனது.
பெயருக்கு ஒரு கட்டம் போதும் என்கிறான் ஹஃபிஸ்.
இரண்டு வேண்டும், ஆனால் வேறு இரண்டு என்கிறாள் லோகநாயகி.
படியிறங்கும்போதும் முடியவில்லை.