இணை நீங்கிய பலகை

உங்கள் ஆணை வந்தது செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பீரியடில்.
துறை முழுக்கத் தேடினோம், உமையாள்.
சவரிமுத்து உறையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி
நூலகம் வரை போய் வந்தார்.
கடைசியில் கிடைத்தீர்கள், பதினான்காம் அறையில்,
என் வகுப்பில்.
காலையில் பல் பிடுங்கப் போன எனக்காக
நீங்கள் கேட்டு வாங்கிக்கொண்ட வகுப்பு.
வீங்கிய கன்னத்தோடு வாசலில் நின்று பார்த்தேன்.

எட்டு வருஷம் தாமதித்த தாள்.
விடைத்தாளைப் படிப்பதுபோல்தான் அதையும் படித்தீர்கள்:
ஒரு தரம் சரியா என்று,
மறுதரம் எங்கே வழி தவறியது என்று.
பிறகு சிவப்புப் பேனாவை எடுத்துப்
'பேரசிரியர்' என்று கால் ஒடிந்து கிடந்த சொல்லை வட்டமிட்டு
"இதைத் திருத்தித் தரச் சொல்லுங்க" என்று
சவரிமுத்து கையிலேயே திருப்பிக் கொடுத்தீர்கள்.
கரும்பலகையில் ஒரு நிரூபணம் பாதியில் நின்றிருந்தது.
பிள்ளைகள் கைதட்டி முடிக்கும்வரை
சாக்பீஸோடு காத்திருந்தீர்கள், கொஞ்சம் எரிச்சலாக.

அந்த விண்ணப்பப் படிவத்தை எனக்கும் தெரியும்.
நானும் நிரப்பினவன்தான்.
கட்டுரை எத்தனை, கருத்தரங்கம் எத்தனை, புள்ளி எத்தனை.
புதுவயல் அரிசி ஆலையில் இரவு ஷிப்டு முடித்து வந்து
முதல் வகுப்பில் தூங்குகிற பையனை
எழுப்பாமல் பாடம் நடத்தி,
மத்தியானம் டிபன்பாக்ஸைத் திறக்கும் முன்
அதையே அவனுக்கு மட்டும் இன்னொரு தரம் நடத்தினதை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கண்டனூர் ரஹ்மத் நிஷா மூன்று முறை அரியர்.
நான்காம் முறை எழுதப் போனவளிடம்
தேர்வறை வாசலில் நீங்கள் சொன்னது ஒரே வாக்கியம்:
"கடைசிக் கேள்வியை முதல்ல பாரு."
ஐம்பத்தொன்று வாங்கினாள்.
அந்த ஐம்பத்தொன்றைச் சொல்லும்போது வருகிற குரல்
தங்கப்பதக்கங்களைச் சொல்லும்போது உங்களுக்கு வந்ததில்லை.

நடைக்கூடத்து ஆத்தங்குடிக் கற்களில் ஒன்றைக்
கொத்தனார் கோணலாய்த் திருப்பி வைத்துவிட்டார்.
ஐந்து வருஷம் அதன்மேல் நடந்தோம், யாரும் பார்க்கவில்லை.
முதலாண்டுப் பிள்ளைகளை அதைச் சுற்றி உட்காரவைத்து
"எத்தனை தடவை திருப்பினா இது சரியாகும்?" என்றீர்கள்.
குலக்கோட்பாடு அப்படித்தான் தொடங்கியது.
கல்லை மாற்ற வந்த எஞ்சினியர்
மூன்று தடவை திரும்பிப் போயிருக்கிறார்.

குறையும் சொல்லவேண்டும்.
என் மேசையில் சாக்பீஸ் தங்குவதில்லை.
சுவருக்கு அந்தப்பக்கம் உங்கள் குரல் எழும்பினால்
என் வகுப்பின் பாதிக் காது அங்கே போய்விடும்.
ஒரே நாள், ஒரே நேர்காணல்;
எனக்கு வந்த கடிதம் வேறு.
பொறாமை இல்லை என்று எழுதினால்
அதையும் வட்டமிடுவீர்கள்.

நேற்று சவரிமுத்து உங்கள் கதவுப் பலகையில்
'இணை'யைப் பிளேடால் சுரண்டினார்.
வெள்ளைப் பெயின்ட் பொடிப்பொடியாய் உதிர்ந்தது.
"இனிமே அம்மா இணையில்லாப் பேராசிரியர்!"
பாராட்டுக் கூட்டத்துக்கென்று நான் வைத்திருந்த ஒரே வரி.
திருடிவிட்டார் மனுஷன்.
நீங்கள் சிரித்துவிட்டு
எதிர்க்கதவில் என் பலகையைக் காட்டினீர்கள்:
"அங்கே ஒண்ணு பத்திரமா இருக்கே.
இணைன்னு சொல்லவே ரெண்டு கோடு வேணும், சார்.
அடுத்த வருஷத்துக்கு இப்பவே எழுத ஆரம்பிங்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டம்.
கந்தரப்பமும் சீயமும் கோட்டையூரிலிருந்து வருகின்றன.
மாலை வேண்டாம் என்பீர்கள், போடத்தான் போகிறோம்.

கன்னத்து வீக்கம் வற்றிவிட்டது.
ஆனாலும் பதினான்காம் அறையை
இன்னும் ஒரு வாரம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.
அந்த நிரூபணம் எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது.
கடைசி வரிசையில், ஜன்னலோரம்,
ஓர் இடம் காலியாக இருக்கிறது.
பார்த்து வைத்திருக்கிறேன்.