பத்தரை சென்டிமீட்டர்

மஞ்சள் வண்டி தரையிலிருந்து பன்னிரண்டு,
சாம்பல் பத்தரை.
கல் அளக்கும் டேப்பை நீட்டி
நானேதான் குனிந்து அளந்தேன்.
பெங்களூர் ஷோரூம் பையன்
நொடிக்கணக்கு சொல்லிக்கொண்டிருந்தான்:
நூறைத் தொட இதற்கு மூன்றேகால்,
அதற்கு மூன்றரை.

கால் நொடியை வைத்து என்ன செய்வேன்?
என் பட்டறையில் ஒரு கருங்கல்லை
வாள் அறுத்து முடிக்க
ஒரு பகல் போகிறது.

மஞ்சளை முடுக்கினான். அலறல்.
குவாரி கம்ப்ரசரின் பங்காளி,
பதினெட்டு வருஷம் கேட்டாயிற்று.
சாம்பல்
கணக்குத் தெரிந்தவன் பேசாமல் இருப்பதுபோல்
நின்றது.

லாரி ஓட்டும் திம்மராயன்
துண்டை விரித்துப் படுத்து அடிவயிறு பார்த்தான்.
"நம்ம தெரு வேகத்தடைக்கு, அக்கா,
மஞ்சள் தேய்க்கும்.
சாம்பல் உட்கார்ந்துக்கும்."

பர்கூர் வங்கி மேலாளர் போனில்:
"இன்னொரு கட்டிங் மெஷின் வாங்கலாமே மேடம்?"
மாம்பழக்கூழ் முனிரத்தினம் சிவப்பு வண்டி எடுத்தபோது
அவர் மாலையோடு போனார்.

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி தாண்டி
சாம்பலை ஓட்டினேன்.
முன்னால் ஒரு லாரி, முப்பதில்.
"ஹாரன் அடிங்க மேடம்."
அடிக்கவில்லை.
சங்கிலி கட்டிய அந்தக் கல்லில்
என் கையெழுத்தில் எட்டு என்று இருந்தது.
ஓசூர் வரைக்கும்கூட
அதன் பின்னாலேயே போயிருப்பேன்.

சாம்பலுக்கே முன்பணம் கட்டினேன்.

இப்போது இரவு பதினொன்று.
திம்மராயன் டார்ச் பிடிக்க
கிரைண்டரோடு குந்தியிருக்கிறேன்
தெருமுனை வேகத்தடையில்.
இரண்டு சென்டிமீட்டர் போதும்.
பேரூராட்சியில் கேட்டால்
மழை என்று சொல்லலாம்.