சாய்வெட்டு

நத்தம் தாலுகா சர்வேயர் லீலாபாய்
சாவியோடு ஒரு நோட்டையும் நீட்டினார்.
மூன்று பட்டறை ஏறி இறங்கிய வண்டி.
பிளக் மாற்றியாயிற்று, காயில் மாற்றியாயிற்று,
மூன்றாம் இன்ஜெக்டர் புத்தம் புதிது.
இனி கம்ப்யூட்டர்தான், இருபத்தெட்டாயிரம் என்று
கடைசியாகப் பார்த்தவன் சொல்லி அனுப்பியிருக்கிறான்.
"காசைக் கரியாக்கியிருக்கானுங்க" என்றேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நோட்டில் பென்சில் எழுத்து:
ஊமச்சிகுளம் தாண்டி இரண்டாவது வேகத்தடை, இறங்கி மிதித்ததும்.
சத்திரப்பட்டி, டவுன் பஸ்ஸை முந்தும்போது.
பாலத்தின் மேல் சீராகப் போனால் இல்லை.
நின்றால் இல்லவே இல்லை.

இன்ஜெக்டரைக் கழற்றி ஓம் பார்த்தேன்.
பதினாலு புள்ளி இரண்டு. குறை சொல்ல முடியாது.
இரண்டையும் மூன்றையும் இடம் மாற்றிப் போட்டேன்.
கோளாறு கூடவே போகவில்லை,
மூன்றிலேயே உட்கார்ந்திருந்தது,
குடி மாறினாலும் ஒழுகுகிற கூரை மாதிரி.

சிவப்பு வயரில் பன்னிரண்டு வோல்ட் எப்போதும் நிற்கும்.
கருப்புக் கோடு போட்ட மஞ்சள் வயரில்
கம்ப்யூட்டர் எர்த்தைத் தொட்டுத் தொட்டு விடும்.
தொட்டால் பெட்ரோல். விட்டால் இல்லை.
ஐயர் பங்களாவில், என் தகரக் கொட்டகையில்
ஒரு மணி நேரம் ஐடிலில் விட்டுப் பார்த்தேன்.
தொட்டது, விட்டது.
ஒரு தப்பில்லை.

நோட்டை மறுபடி எடுத்தேன்.
மேடும் இல்லை, பள்ளமும் இல்லை,
மிதித்தபோதெல்லாம்.
மிதித்தால் என்ஜின் தன் ரப்பர் மெத்தையில்
ஒரு விரல் பின்னால் சாயும்.
அந்த ஒரு விரல்.

குண்டூசி இரண்டை கனெக்டரில் செருகி
பானெட் இடுக்கில் வயரை இழுத்து
முன்கண்ணாடியில் சின்ன பல்பு ஒன்றை டேப் போட்டு ஒட்டினேன்.
நான் ஓட்டினேன், அவர் பார்த்தார்.
சங்கிலி பிடித்த கண், இமைக்கவில்லை.
"எரியுது. எரியுது. எரியுது.
இல்ல.
வந்திருச்சு."
அந்த "இல்ல"வில்தான் வண்டி இருமியது.

டீக்கடை ஓரம் நிறுத்தி
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
ஹார்னஸை விரலால் நீவிக்கொண்டே போனேன்.
பேட்டரித் தட்டுக்குப் பின்னால்
கேபிள் டை ஒன்று வயர்க் கட்டை
பாடியோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தது.
என்ஜின் சாயச் சாய மஞ்சள் மட்டும் இழுபட்டு,
தோல் முழுசாக இருக்க
உள்ளே செம்பு அறுந்து
ஒட்டியும் ஒட்டாமலும்.

"எலியா?" என்றார்.

மதுரையில் எல்லா வயரையும் எலிதான் கடிக்கிறது.
எலியோடு யாரும் சண்டைக்குப் போவதில்லை.

டையின் வாலைப் பார்த்தேன்.
நகவெட்டியால் சாய்வாக வெட்டியிருந்தது.
கட்டர் தொலைந்ததிலிருந்து நான் அப்படித்தான் வெட்டுகிறேன்.
பக்கத்தில் என் பச்சை டேப்.
போன மார்கழி, நத்தம் மலைப் பனிக்கென்று
அவர் தம்பி ஓட்டி வந்து
ஃபாக் லைட் மாட்டிப் போன வண்டி.
வயர் தொளதொளவென்று கிடக்கிறதே,
பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று
இழுத்துக் கட்டியிருக்கிறேன்.

டீ ஆடை கட்டியது.
"எலி இல்லீங்க" என்றேன்.
"நான்தான்."

பேட்டரியிலேயே அயர்னைச் சூடாக்கி
ஒரு சாண் வயர் சேர்த்துப் பற்றவைத்தேன்.
ஸ்லீவ் போட்டேன்.
புது டையை, உள்ளே விரலை வைத்துக் கட்டி
விரலை உருவிக்கொண்டேன்.
வாலை வெட்டவில்லை.

திரும்பும்போது வேகத்தடையில் வேண்டுமென்றே மிதித்தேன்.
பல்பு அணையவில்லை.
கடச்சனேந்தல் பிரிவு வரை பேசாமல் வந்தவர்
நோட்டைத் திறந்தார்.
"காசைக் கரியாக்கினது
மொத்தம் எத்தனை பேரு?
மூணா, நாலா?"

நாலு என்றேன்.
பென்சிலைத் தேடினார்.