இரண்டாவது சாட்சி

மாடியில் வக்கீல் அலுவலகம்,
கீழே ரோண்டாவின் முடிதிருத்தகம்.
சன்னலுக்கு வெளியே துறைமுகம்,
அதன் ஓரமெல்லாம் பிப்ரவரியின் பனிக்கட்டி.
நோவா ஸ்கோஷியாவின் இந்தச் சின்ன ஊரில்
பதினேழு வருடமாக நான் போட்டுவருவது
இரண்டாவது சாட்சிக் கையெழுத்து.

ஹிம்மல்மன் மணியடிப்பார்,
பேனாவோடு போவேன்.
யாரோ ஒருவர் தான் இல்லாத ஒரு நாளைப்
பக்கம் பக்கமாகப் படித்து முடித்து
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.
நான் அதைப் படிக்க வேண்டியதில்லை,
அந்தக் கை அசைவதைப் பார்த்தால் போதும்.
தெல்மா கார்க்கம் என்று எழுதி
தேதி போட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்,
கெட்டிலில் தண்ணீர் கொதிப்பதற்குள்.

உயிலில் பெயர் இருப்பவர்
சாட்சி போடக் கூடாது.
போட்டால், அவருக்கு எழுதியது செல்லாது.
ஆகவே இந்த ஊரில் நானூறு பேர்
எனக்கென்று எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை.
என் கையெழுத்தே அதற்கு அத்தாட்சி.

சுவர் மெலிது. சிலது கேட்டுவிடும்.
வீடு மகளுக்கு,
ஆனால் படகுத்துறைக்குப் போகும் பாதை
அவளோடு பேசாத அண்ணனுக்கும்.
குளிர்பெட்டி, அதைக் காலி செய்பவருக்கு.
குடிக்கிற மகனுக்கு ஒரு டிரஸ்ட்:
மாதம் ஒன்றாம் தேதி இவ்வளவு,
பல் பிடுங்க வேண்டுமானால் தனியாக,
இரண்டு வருடம் தெளிவாக இருந்தால் மீதி.
"இரண்டு போதுமா, மூன்று போடலாமா?"
என்று கேட்டவள் அவன் அம்மா.
"ஒன்று போடுங்கள்" என்றதும் அவளே,
படிக்கட்டு வரை போய்த் திரும்பி வந்து.

ஓர்லண்ட் நிக்கிள் வந்ததும் அந்த பிப்ரவரியில்தான்.
எண்பத்தொரு வயது. இன்னும் சிங்கி இறால் பிடிக்கிறார்.
வரும்போதெல்லாம் கையுறை சொட்டும்;
வாங்கி ஹீட்டர்மேல் போடுவேன்,
போகும்போது சூடாகக் கொடுப்பேன்.
எங்களுக்குள் இருந்தது அவ்வளவுதான்.

அன்றைக்கு மணி அடிக்கவில்லை.
ஹிம்மல்மனே எழுந்து வந்தார்.
"தெல்மா, கீழே போய் ரோண்டாவைக் கூப்பிடு."
"ஏன், நான்தான் இருக்கிறேனே?"
அவர் காகிதத்தைப் பார்த்தார்,
ஹீட்டரைப் பார்த்தார்,
என்னைப் பார்க்கவில்லை.

விரலில் முடிச்சாயத்தோடு ரோண்டா உள்ளே போனாள்.
நான் என் உயரத்தை அளப்பவள்போல்
கதவோரம் நின்றேன்.

என்னவாக இருக்கும்?
துடுப்பு உடைந்த அந்த நீலத் தோணியா,
காற்றழுத்தமானியா, நூறு டாலரா,
காட்டில் ஒரு துண்டா?
இரவில் விரித்துவிரித்துப் பார்ப்பேன்,
காலையில் வெட்கமாக இருக்கும்.
மூடுபனி இறங்கினால்
திரும்பிய படகுகளை எண்ணத் தொடங்கினேன்.
இது அக்கறையா, ஆதாயமா?
என்னை நானே கூண்டில் ஏற்றிக் கேட்டேன்.
பிறழ் சாட்சி ஆனேன்.
அவர் இருமினால் இப்போது எனக்கும் அதில் பங்கு.
கையுறையை வாங்கும்போது கை கூசியது.

ஜூனில், சீசன் முடிந்த வாரம், மணி அடித்தது.
உள்ளே ஓர்லண்ட்.
மேசைமேல் புது உயில்.
பழையது கிழிபட்டுக் கூடையில்.
வாசலிலேயே புரிந்துவிட்டது.
கதவு திறந்ததும் நான் பெயரில்லாதவள் ஆகிவிட்டேன்,
பழையபடி, சுத்தமாக.
ஒரு மூட்டை இறங்கியது.
இறங்கிய இடம் கொஞ்சம் வலித்தது,
பொய் சொல்வானேன்.

அவர் துறைமுகத்தைப் பார்த்தபடி கையெழுத்திட்டார்.
என் முறை வந்தது. பேனா எழுதவில்லை.
இரண்டு தடவை கிறுக்கிப் பார்த்தேன்.
அவர் சட்டைப்பையிலிருந்து தன்னுடையதை நீட்டினார்,
டீசல் கடையில் சும்மா கொடுக்கிற பேனா,
முனையில் பல் பதிந்தது.
தெல்மா கார்க்கம் என்று எழுதினேன், தேதி போட்டேன்.

திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.
அவரும் கேட்கவில்லை.
நேற்று மூன்று உயிலுக்கு
அதில்தான் போட்டேன்.
கொஞ்சம் கசிகிறது.