மூன்று வெள்ளி டின்

சுங்கை சிப்புட் என்றால் நத்தை ஆறு.
அந்தப் பெயர்ப்பலகைக்கு நேர் பின்னால்
செம்பனை நாற்றங்கால்.
இரவு எட்டு மணிக்கு மேல்
நத்தை பொறுக்க ஆள் எடுக்கிறார்கள்.
மைலோ டின் நிறைந்தால் மூன்று வெள்ளி.
ஓடு உடைந்தது சேராது.

நானும் ஷஃபிக்குலும் ஆளுக்கு நாலு வரிசை.
நெற்றியில் விளக்கு. ஒரு சோடிக் கையுறையை
இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டோம்.
மழை விட்ட இரவுகளில்
குருத்தை அவை தின்னும் சத்தம் கேட்கும்.
பொய்யில்லை,
நமுத்த முறுக்கை யாரோ மெல்லுவதுபோல.

வீட்டைச் சுமந்து திரிகிறது என்று
பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்.
லயத்தை இடித்த அன்று
சட்டி, துணிமூட்டை, சின்னவனின் சைக்கிள்
எல்லாம் லோரியில் ஏறி
அடுக்குமாடியின் நாலாவது மாடிக்கு வந்தன.
நாங்கள் சாகவில்லை.
நத்தைக்கு ஓட்டைப் பிடுங்கினால் செத்துப்போகும்.
அது வீடில்லை, டீச்சர்.
அது முதுகு.

போன செவ்வாய், ஆறாவது வரிசை.
விரல்கள்தான் முதலில் கண்டுபிடித்தன:
வாய் இருக்க வேண்டிய பக்கத்தில் வாய் இல்லை.
டின்னிலிருந்து இன்னொன்றை எடுத்து
பக்கத்தில் வைத்தேன்.
ஒன்று மற்றதைக் கண்ணாடியில் பார்த்தது.

வலம்புரி.

கடலில் சங்காகப் பிறந்திருந்தால்
ஏதாவது முதலாளி வீட்டுச் சாமியறையில்
பட்டுத்துணிமேல் இருந்திருக்கும்.
"ஆயிரம் வெள்ளி பெறும்" என்றேன், விளையாட்டுக்கு.
ஷஃபிக்குல் நம்பிவிட்டான்.
நாலு பக்கமும் படம் எடுத்து
டாக்காவுக்கு அனுப்பினான்.

மண்டோர் ரோஸ்லான் வந்து குனிந்து பார்த்தார்.
இதற்குச் சோடி சேராது என்றார்,
உடம்பு பொருந்தாதாம்;
இன்னொரு வலம்புரி எங்கேயாவது இருந்தால்தான்.
கொஞ்ச நேரம் நின்றுவிட்டு,
"எந்தப் பக்கம் சுழித்தாலும் தின்பது நம் குருத்துதான்,
டின்னில் போடு, பாக்கியம்."
அதிலும் தப்பில்லை.

இத்தனை வருடத்தில்
எத்தனை டின் கொட்டியிருப்பேன்
உப்புக் குழியில்.
எதையும் திருப்பிப் பார்த்ததில்லை.

எடை போடும் இடத்தில் டின்னைக் குலுக்கினார்கள்.
குலுக்கினால் நிறைந்ததும் குறையும்.
இரண்டரை வெள்ளி தந்தார்கள்.
ஷஃபிக்குல் என் சட்டைப் பையைப் பார்த்தான்,
ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் பஸ்ஸுக்கு நின்றபோது
பெயர்ப்பலகையில் ஓர் ஈரக்கோடு
சிப்புட்டின் மேல் ஏறி
சுங்கையைத் தொடாமல்
பலகையின் பின்பக்கம் போயிருந்தது.
இடமா வலமா என்று
கோட்டில் தெரியவில்லை.