செக்கிங் டேபிள்

திருப்பூர் பனியன் கம்பெனியில் பதினோரு வருசம்.
டியூப்லைட்டுக்குக் கீழே துணி விரித்து
விட்டுப்போன தையலைத் தேடும் கண் எனக்கு.
அதே கண்ணோடுதான் ராத்திரி
போர்வைக்குள் போனைப் பார்க்கிறேன்:
மூக்கு, முன்பு. மூக்கு, பின்பு.

முன்பில் வெளிச்சம் மேலிருந்து விழுகிறது,
பின்பில் நேர் எதிரே.
கம்மல் அதே.
கழுத்தோரம் வியர்வையில் ஒட்டிய முடிகூட அதே.
இடையில் ஆறு மாசமாம்.
ரிஜெக்ட்.

'வலியே இருக்காது, மூன்றே நாள்' என்பவருக்குப்
பெயருக்குப் பின்னால் நாலு பட்டம்.
கவுன்சில் பதிவேட்டில் தட்டினேன்,
வட்டம் சுற்றிச் சுற்றி
அப்படி யாரும் இல்லை என்றது.
ஐந்து நட்சத்திரம் போட்ட நாற்பது பேரும்
ஒரே செவ்வாய்க்கிழமை,
ஒரே எழுத்துப்பிழையோடு.

பல்லடம் வேனுக்கு நிற்கும்போது
அயர்னிங் நவமணி மாஸ்க்கை இறக்கிக் காட்டினாள்:
"நாலு மாசம் மூச்சு அடைச்சுதுங்க்கா.
நுனி இன்னும் மரத்துத்தான் கெடக்குது.
ஆனா, பரவால்லீங்க."

அந்த 'ஆனா'
எந்தப் படத்துக்கும் கீழே இல்லை.

டாக்டர் பேர் கேட்டு
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
வீட்டுக்கு வந்து அதையும் தேடினேன், இருந்தது.
அறுப்பதா வேண்டாமா,
அந்த பீஸை இன்னும்
டேபிளில் எடுத்து வைக்கவில்லை.