பச்சை எரியும்வரை

வடபழனி மண்டபத்தில் அன்று
என் கிடாரின் தலையைக் கவ்வியிருந்தது
நானூற்றைம்பது ரூபாய் ட்யூனர்,
கொடியில் துணிக்குப் போடும் கிளிப் மாதிரி.

பக்கத்து ஹாலில் செண்டை மேளம்.
இங்கே நௌஷாத் கிக் டிரம்மை
உதைத்து உதைத்துப் பார்க்கிறான்.
மரத்தின் நடுக்கத்தை வைத்துச் சுருதி சொல்லும் கருவிக்கு
யார் நடுக்கம் எது என்று பிடிபடவில்லை.
முள் குதித்தது, படுத்தது, மறுபடி குதித்தது.
பச்சை எரிந்தது.
நம்பிவிட்டேன்.

பச்சைதான்.
பி கம்பிக்கு, பி ஃப்ளாட்டின் பச்சை.
எழுத்துக்குப் பக்கத்தில் கொசுக்கால் அளவு ஒரு குறி.
மேடை விளக்கு கண்ணில் அடிக்கையில்
அதை எவள் பார்ப்பாள்?

பல்லவி முடியுமுன்பே பர்வீன்
என் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.
பாடுகிறவள் அப்படிச் சிரித்தால்
அது சிரிப்பு இல்லை.
ஆடும் பல்லில் படாமல் முறுக்கு தின்பதுபோல்
அந்தக் கம்பியில் படாமல் நாலு பாட்டு ஓட்டினேன்.
ஐந்தாவதற்கு முன்னால் துணிந்து திருகினேன்.
ஞொய்ங்... ஞொய்ய்ங்... என்று
மொத்த ஸ்பீக்கரிலும் என் திருத்தம்.
மாப்பிள்ளையின் சித்தப்பா கைதட்டினார்,
புதுப் பாட்டின் தொடக்கம் என்று.

பேசிய பணம் குறையாமல் வந்தது.
ஷேர் ஆட்டோவில் அசோக் பில்லர்வரை வாயே திறக்காமல் வந்தவள்
இறங்கும்போது சொன்னாள்:
"ரெண்டாவது கம்பி."

மறுவாரம் மவுண்ட் ரோட்டில், மாடிப்படிக்குக் கீழே ஒரு கடை.
போனில் சும்மா கிடைக்கிறதே என்றேன்.
"கிடைக்கும்," என்றார் ஸ்டான்லி,
"ஃபேன், ஹாரன், உங்க மூச்சு எல்லாத்தையும் கேட்கும்.
மெட்ராஸையே ட்யூன் பண்ணப் பார்க்கும்."
பிறகு கண்ணாடிமேல் வைத்தார்
ஒரு பெடலை. சோப்புப் பெட்டி அளவு, இரும்புக் கனம்.
ஏழாயிரத்து இருநூறு.
என் ஸ்கூட்டியின் இன்சூரன்ஸ் அடுத்த வாரம் முடிகிறது.

இது வயரில் வருவதை மட்டும் கேட்குமாம்.
அக்கம்பக்கத்துப் பேச்சு காதில் விழாதாம்.
அப்படி ஓர் ஆளைக்கூட நான் பார்த்ததில்லை.

வெயிலில் தெரியுமா என்று சந்தேகம்.
பேட்டரி போடச் சொல்லி
நட்டநடு மத்தியானம் பிளாட்பாரத்துக்குத் தூக்கிப்போனேன்,
கிடாரும் வயருமாக.
குனிந்து நிழல் விழாமல் பார்த்தேன்.
டீக்கடையில் ஒருவர்,
"என்ன மேடம், கரண்ட் மீட்டரா?"
பச்சை தெரிந்தது. அந்த வெயிலிலும் தெரிந்தது.

உள்ளே வந்து ஆம்ப்பில் செருகி வாசித்துக்கொண்டே
மிதித்தேன்.
சத்தம் மொத்தமும் நின்றது.
விரல் மட்டும் கம்பியில் நடந்துகொண்டிருந்தது.
கடை திடீரென்று பெரிதான மாதிரி இருந்தது.
அடாப்டர் தனியாக அறுநூறு என்றார் ஸ்டான்லி.
பேரம் பேச மறந்துவிட்டேன்.

இப்போது பெசன்ட் நகரில் ஆகஸ்ட் புழுக்கம்.
கடல்காற்றில் கம்பிக்கு வியர்க்கிறது,
மூணு பாட்டுக்கு ஒருமுறை இறங்குகிறது.
மிதிக்கிறேன். யாருக்கும் கேட்காது.
அந்த இடைவெளியை நிரப்பப் பர்வீன்
ஏதாவது பேசுவாள்.
முதலில் வணக்கம், நன்றி.
பிறகு எங்கள் பெயர்கள்.
இன்று தன் வீட்டுத் தண்ணீர் லாரியைப் பற்றி ஆரம்பித்தாள்.
குடத்தோடு ஓடியது, லாரிக்காரன் சொன்னது,
மைக்கில் இவ்வளவு பேசுவாள் என்று
எட்டு வருஷத்தில் எனக்குத் தெரியாது.

காலடியில் பார்த்தேன்.
ஆறு கம்பியும் பச்சை.
நௌஷாத் குச்சியைத் தூக்கிக் காத்திருக்கிறான்.
பர்வீன் ஓரக்கண்ணால் கேட்கிறாள், ஆச்சா?

இன்னும் இல்லை என்று தலையாட்டி
ஏற்கெனவே சேர்ந்துவிட்ட கம்பியைத்
திருகுவதுபோல் நிற்கிறேன்.
லாரிக்காரன் அப்புறம் என்னதான் சொன்னான்?